மனிதன் இட்ட கோடுகள்

காரைக்கால்மேட்டுக் கடற்கரையில் நிற்போர்க்கு, மனித ஆக்கங்கள் நிலையற்றவை என்பதை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை, தலைமுறைகள் வாழ்ந்த குடியிருப்புகளைச் சில நிமிடங்களில் வாரிச் சென்றது. ஆயின் அது கடலின் செயல். மனிதனே ஆக்கி மனிதனே மாற்றியவற்றைப் பற்றியே நாம் இங்குப் பேச விழைகிறோம்.

1739இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. நம் வயல்களுக்கு நடுவே ஓர் எல்லைக்கோடு எழுந்தது. இடையிடையே ஆங்கிலேயர் இவ்வூரைக் கைப்பற்றியதும் உண்டு. எனினும் கோடு மட்டும் நெடுங்காலம் நின்றது. இப்பால் ஒரு சட்டம், ஒரு கொடி, அப்பால் வேறு. கூப்பிடு தொலைவிலுள்ள நாகூரில் பெண் கொடுத்தால், அவள் வேற்றரசின் எல்லைக்குள் வாழப் போனாள். அரசலாறு மட்டுமே சுங்கச்சாவடியைப் பொருட்படுத்தாமல் ஓடிற்று!

இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்த ஆட்சி எவ்வாறு மறைந்தது? பல்லாண்டுப் போராட்டத்தின் முடிவில், 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். இந்தியாவுடன் இணைய 170 பேர் வாக்களித்தனர். எட்டுப் பேர் மறுத்தனர். நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16இல் அது சட்டப்படியும் நிறைவுற்றது.

பேரளத்திலிருந்து 1898இல் இடப்பட்ட இருப்புப்பாதையும் அவ்வாறே. 1980களில் அதை மூடினர், தண்டவாளங்களையும் பெயர்த்தனர். இனி வாராது என்றிருந்த இரயில் 2011இல் நாகூர் வழியே வந்தது. பின்னர்ப் பேரளப் பாதையும் அகலப்பாதையாக மீண்டும் இடப்பட்டது.

எல்லையும் பாதையும் மாறின. கைக்கூலி மட்டும் ஏன் மாறவில்லை? ‘வழிவழி வந்த வழக்கம்’ என்கின்றனர். வழிவழி வந்ததாயினும் அது வானத்திலிருந்து இறங்கியதன்று. மஹரைத் தலைகீழாக்கி மனிதர் கட்டிய ஏற்பாடு. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடுப்புச் சட்டமும் அதை ஒழித்துவிடவில்லை. நம் கடலோர ஊர்களில் மகளுக்கு வீடு கொடுப்பதையும் இதையும் ஒன்றாகக் குழப்புவோர் உளர். வீடு மகளின் பெயரில் நின்றால் அது அவளுக்குக் காப்பு. கைக்கூலியோ மணமகன் வீட்டாரின் பைக்குள் போவது. மஹர் நிக்காஹ் பதிவேட்டில் பலரறிய எழுதப்படுகிறது. கைக்கூலி பெரும்பாலும் மூடிய அறையில் பேசப்படுகிறது. பட்டம் பெறப்போகும் நம் மாணவர்களின் விலையும் அவ்வறையில்தான் தீர்மானமாகிறது. அவர்களே வாய் திறந்து மறுத்தால் பேரம் அங்கேயே முறியும்.

காரைக்கால்மேட்டில் மீனவர் பஞ்சாயத்தார் கூடி, இன்று கடலுக்குப் போவதில்லை என முடிவெடுத்தால் ஒரு படகும் இறங்குவதில்லை. அவர்களுக்கு இயல்வது நம் ஜமாஅத்தார்க்கு இயலாதா? கீழூரில் கூடியவர் 178 பேர். ஒரு மஹல்லாவில் மணம் பேசி முடிக்கும் பெரியோர் அத்துணைப் பேர்கூட இரார்.