கூரைக்கு முதல் ரூபாய்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்த பெரியவர் பழைய வீட்டைப் பழுது பார்த்தவரல்லர் என்பது நமது துணிபு. பார்த்திருப்பாரேயானால் மூன்றாவதாக அதையும் சேர்த்திருப்பார். புது வீடு கட்டுகிறவனுக்கு முன்னால் வெறும் மனைதான் இருக்கிறது. பழைய வீட்டைத் தொடுகிறவனோ, பரீட்சைக்குப் படிக்கும் பெண்ணையும், கட்டிலில் படுத்திருக்கும் பாட்டியையும், அரிசிப் பானையையும் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு நகர்த்திக்கொண்டே வேலையை நடத்த வேண்டும். சுவரைச் சுரண்டினால் உள்ளேயிருந்து என்ன வெளிப்படும் என்பதும் முன்கூட்டித் தெரியாது. கையிலுள்ள பணமும் சொற்பமாயிருந்துவிட்டால் சிரமத்தைக் கேட்க வேண்டியதில்லை.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையிலுள்ள கிராமங்களில் இப்பொழுது இந்த வேலை நடக்காத தெரு கிடையாது. 1017-ல் ராமானுஜர் அவதரித்த ஊர் என்றுதான் நெடுங்காலம் இந்தப் பிரதேசத்தை உலகம் அறிந்திருந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கம்பெனியார் 1998-ல் மோட்டார் வண்டி செய்யத் தொடங்கிய பிறகு, ஏரிக்கரையை ஒட்டிய நிலங்களெல்லாம் ஒவ்வொன்றாகத் தொழிற்சாலைகளாயின. ஒரகடத்திலும் 2010 முதல் மோட்டார் வண்டிகள் உற்பத்தியாகின்றன. வேலைக்கு வந்த பிள்ளைகளுக்குத் தங்க இடம் வேண்டும். ஆகவே, ஓட்டு வீட்டைப் பிரித்து மேலே நாலு அறை எழுப்பி வாடகைக்கு விட்டால் கடன் தானே அடைந்துவிடும் என்ற எண்ணம் இந்தப் பக்கத்துக் குடும்பங்களைப் பலமாகப் பற்றிக்கொண்டிருக்கிறது.

நமது மாணவன் ஒருவனுடைய பெற்றோரும் இந்த எண்ணத்தோடு நம்மிடம் யோசனை கேட்க வந்தார்கள். சுங்குவார்சத்திரத்துக்கு அருகிலுள்ள கிராமம். பாட்டனார் கட்டிய வீடு. அறுநூறு சதுர அடி இருக்கலாம். மங்களூர் ஓடு வேய்ந்தது. பிராவிடண்டு பண்டில் எடுத்ததும் சீட்டுப் பணமுமாக மூன்று லட்சம் ரூபாய் சேர்ந்திருக்கிறது. கூரையை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போட்டு, அதன்மேல் நாலு அறை கட்டுவதென்று மேஸ்திரி திட்டம் கொடுத்திருந்தார். இன்னும் பதினாலு லட்சம் கடன் வாங்க வேண்டும்.

"மழை வந்தா நாலு இடத்துல பாத்திரம் வைக்கிறோம் ஸார். எப்படியும் கூரையைப் பிரிக்கத்தான் போறோம். அப்படியே மேலேயும் கட்டிட்டா வாடகையிலேயே தவணை போயிடும்னு மேஸ்திரி சொல்றாரு" என்றார் அந்த அம்மாள்.

"சுவர் எதில் கட்டியிருக்கிறது?" என்று கேட்டோம். இருவருக்கும் தெரியவில்லை. மேஸ்திரியும் பார்க்கவில்லை.

ஓர் ஆணியாலேயே இதைப் பார்த்துவிடலாம். மூலையில் கையகலம் பூச்சைப் பெயர்த்தார்கள். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே இருந்தது மண் சாந்து. மேலே சுண்ணாம்புப் பூச்சு. இந்த ஜில்லாவின் பழைய வீடுகளில் இதுவே பெரும்பாலும் வழக்கம். அந்தச் சுவர் அறுபது வருஷமாக ஓட்டுக் கூரையைச் சுமந்து வந்திருக்கிறது, இன்னும் அறுபது வருஷம் சுமக்கும். கான்கிரீட்டைச் சுமக்குமா என்பது வேறு கேள்வி.

கணக்கைப் பார்ப்போம். பத்தடிக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றின் மேல் நாலங்குல கான்கிரீட் போட்டால் அதன் எடை ஏறக்குறைய 2,800 கிலோ. வெயில் தாங்குவதற்காக அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டித் தட்டோடு பதித்தால் இன்னும் ஒரு டன்னுக்கு மேல் சேரும். அதே அறையின் ஓட்டுக் கூரை, கைமரமும் ரீப்பரும் ஓடும் எல்லாம் சேர்ந்து, ஒரு டன்னுக்கு உள்ளேதான் நிற்கும். ஆக, மாடி அறைகள் எழும்புவதற்கு முன்பாகவே சுவரின் தலையில் நாலு மடங்கு பாரம் ஏறிவிடுகிறது. அதன்மேல் சுவர், அறை, மற்றொரு கான்கிரீட், தண்ணீர்த் தொட்டி, எட்டுப் பேர், அவர்களுடைய கட்டில்கள்!

அனுமதி வாங்குவதில் இப்பொழுது கஷ்டமில்லை என்பது வாஸ்தவம். 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில் 3,500 சதுர அடிவரை வீடு கட்டச் சுயசான்று கொடுத்து உடனே அனுமதி பெறும் முறையை நமது ராஜ்ய சர்க்கார் 2024 ஜூலையில் கொண்டுவந்திருக்கிறார்கள். காகிதம் அன்றைக்கே கிடைத்துவிடலாம். மண் சாந்துக்கு அந்தக் காகிதத்தால் வலு ஏறப் போவதில்லை.

வாடகை விஷயமும் யோசிக்கத் தக்கது. நோக்கியா கம்பெனியார் 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் செய்ய ஆரம்பித்தபோது, அந்தச் சாலை என்றென்றைக்கும் ஜேஜே என்றிருக்கும் என்று எண்ணாதவர் யார்? 2014 நவம்பர் 1-ந் தேதி அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. அதற்குச் சாமான் செய்து கொடுத்தவர்களும் தொடர்ந்து கதவை அடைத்தார்கள். வேலை போன பிள்ளைகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனால், அறை கட்டியவர் தவணையைக் கையிலிருந்துதான் கட்டவேண்டும். பின்னர் வேறு கம்பெனிகள் வந்தன, உண்மையே. இடைப்பட்ட வருஷங்களுக்கு பாங்கிக்காரர் வட்டியைத் தள்ளிவைக்கிறவரல்லர். மேலும், வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும்படியான மாபெரும் விடுதி ஒன்று 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டிருக்கிறது. கிராமத்து மாடி அறைக்கு இனி அப்படிப்பட்ட போட்டியும் உண்டு என்பதை மேஸ்திரியின் திட்டத்தில் காணோம்.

அந்தக் குடும்பம் கடன் வாங்கவில்லை. கையிலிருந்த மூன்று லட்சத்தை எந்த வரிசையில் செலவழித்தார்கள் என்பதே நேயர்களுக்குப் பிரயோஜனப்படக் கூடியது.

முதல் ரூபாய் கூரைக்குப் போயிற்று. பழைய வீட்டுக்குச் சத்துரு காலமன்று, தண்ணீர். மேலிருந்து ஒழுகுவது, கீழிருந்து ஓதம் ஏறுவது, பக்கத்தில் குழாய் கசிவது ஆகிய மூன்றையும் தடுத்துவிட்டால் மற்றதெல்லாம் காத்திருக்கும். ஓடுகளை இறக்கிப் பார்த்ததில் முக்கால்வாசிக்கு மேல் நன்றாகவே இருந்தன. மங்களூரில் பாஸல் மிஷன்காரர்கள் 1865-ல் தொடங்கிய ஓட்டுத் தொழில், இத்தனை காலம் தாங்கும் சரக்கை நமக்குக் கொடுத்திருக்கிறது. ஒழுகியதற்குக் காரணம், கரையான் தின்ற சில கைமரங்களும், வளைந்துபோன ரீப்பர்களும், பல வருஷமாக ஓடு மாற்றி அடுக்காத அலட்சியமுமே. கைமரத்துக்குப் பழைய மரமே வாங்கினார்கள். சென்னையில் இடிக்கிற வீடுகளின் உத்தரமும் நிலையும் கதவும் விற்பனைக்கு வருகின்றன. அறுபது வருஷம் காய்ந்த தேக்கு, புதிய மரத்தைவிட மலிவு, வளையவும் வளையாது. இந்தச் சாலை ஓரத்துக் கடைகளில் தொழிற்சாலைப் பெட்டிகளைப் பிரித்த பைன் பலகை அதைவிட மலிவாகக் கிடைக்கிறது. அலமாரித் தட்டுக்கு அது போதும். கூரைக்கு வேண்டாம், கரையானுக்கு அது பலகாரம். ஓடு, மரம், கூலி எல்லாம் சேர்ந்து லட்சத்துப் பதினையாயிரம் ஆயிற்று.

அடுத்தது மின்சாரக் கம்பி. கண்ணுக்குத் தெரியாத செலவு என்பதால் யாரும் விரும்பிச் செய்வதில்லை. ஓதம் ஏறிய சுவரில் உரிந்த கம்பி இருப்பது வீட்டிலே பாம்பு வளர்ப்பதற்குச் சமம். கம்பியை மாற்றி, நிலத்தொடர்பு ஒழுங்காகக் கொடுத்து, முப்பது மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டித்துவிடும் சிறிய கருவி ஒன்றையும் பொருத்தினார்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் சலவைக்கல் தரையைவிட இது அவசியம் என்று நாம் பிடிவாதமாகச் சொன்னோம்.

சுவர்ப்பூச்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே கூறவேண்டும். பழைய சுவர்களைக் கெடுப்பதில் சிமிண்டுப் பூச்சுக்கு நிகரில்லை. மண் சாந்திலும் சுண்ணாம்பிலும் கட்டிய சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். மூச்சு விடுகிறது என்றே சொல்லலாம். அதன்மேல் சிமிண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்புப் பூத்து, இரண்டு மழைக்காலத்தில் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். பெயரும்போது பழைய செங்கல்லின் முகத்தையும் பிடுங்கிக்கொண்டு விழும். வீட்டுக்காரர் மேஸ்திரியைத் திட்டிவிட்டு, மறுபடியும் சிமிண்டு பூசுவார். இந்தத் திருப்பணி வருஷந்தோறும் நடக்கும்.

சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான் மருந்து. நீற்றிப் புளிக்கவைத்த சுண்ணாம்பு, மணல், செங்கல் தூள். வழக்கமறிந்தவர்கள் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரும் சேர்ப்பார்கள். பளிங்கு என்று வெள்ளைக்காரர்கள் மயங்கிப் போன சென்னைச் சுண்ணாம்புப் பூச்சு இந்த வித்தையின் மேல்படிதான். இதில் கஷ்டம் ஆள் கிடைப்பது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இப்பொழுது கோயில் திருப்பணிகளில்தான் அகப்படுகிறார்கள். அவர்களில் ஒரு முதியவர் நாலு நாள் வந்து காட்டிக் கொடுக்க, பெயர்ந்த இடங்களை மட்டும் உள்ளூர்ச் சித்தாட்களே பூசினார்கள். முழுச் சுவரையும் பூசியிருந்தால் பணம் அங்கேயே தீர்ந்திருக்கும்.

மணல் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆற்றுமணல் அருமையாகிவிட்டபடியால், உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கத்துக் கல் குவாரிகளிலிருந்து கல்லை அரைத்துச் செய்த எம்-சாண்டு வருகிறது. நல்ல சரக்கில் குற்றமில்லை. வெறும் குவாரித் தூளை அந்தப் பெயரில் தலையில் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு கண்ணாடித் தம்ளரில் போட்டுத் தண்ணீர் விட்டுக் கலக்கிப் பாருங்கள். நெடுநேரம் தெளியாமல் பால் போலிருந்தால் வண்டியைத் திருப்பியனுப்பலாம்.

லாரி பேக்கர் என்ற ஆங்கிலேயர் பர்மிங்காமில் 1917-ல் பிறந்து, நமது தேசத்துக்கு வந்து, இந்தியப் பிரஜையாகவே 2007-ல் திருவனந்தபுரத்தில் காலமானார். ஐந்து மைலுக்குள் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வீடு கட்டவேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்தைத் தம் தொழிலுக்கு வழியாகக் கொண்டவர் அவர். செங்கல்லைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டு அடுக்கும் 'எலிப்பொறிக் கட்டு' முறையை அவர் பரப்பினார். ஒன்பதங்குலச் சுவரில் ஏறக்குறைய கால்பங்கு செங்கல் மிச்சம். நடுவிலுள்ள காற்று வெயிலையும் தடுக்கிறது. கான்கிரீட் தளம் போட்டே தீரவேண்டிய இடத்தில் அதன் அடிப்பாகத்தில் பழைய ஓடுகளைப் பதித்துச் சிமிண்டையும் எடையையும் குறைப்பதும் அவர் காட்டிய வழியே. உடைத்துக் கொட்டத் தயாராக வைத்திருக்கும் பழைய ஓடுகளுக்கு இப்படியும் ஒரு கதி உண்டு.

நமது குடும்பத்துக்குத் தளம் தேவைப்படவில்லை. கொல்லையில் மாடுகளை விற்ற பிறகு சும்மா கிடந்த கொட்டகை இருந்தது. மூன்று பக்கம் சுவர் ஏற்கனவே உண்டு. நாலாவது சுவரை எலிப்பொறிக் கட்டில் எழுப்பி, பழைய தேக்கு ஜன்னல் இரண்டு வைத்து, தரை போட்டு, கடைசியில் மிஞ்சியிருந்த பணத்தில் ஓர் அறையாக்கினார்கள். தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்கள் இருவர் குடியிருக்கிறார்கள். வாடகை அதிகமில்லை, தவணையும் இல்லை.

இரண்டு ஜன்னல் எதற்கு என்று மேஸ்திரி கேட்டாராம். எதிரெதிரே இரண்டு ஜன்னல் இருந்தால்தான் காற்று ஓடும். நமது சாலையோரங்களில் வாடகைக்காகவே எழும்பும் கட்டடங்களைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. ஜன்னல் இல்லாத அறையில் அடுக்கடுக்காகக் கட்டில். இரவு வேலை முடிந்து வருகிறவர்கள் பகலில் அந்தத் தகரக் கூரையின் கீழே தூங்க வேண்டும். அவர்களும் ஏதோ ஒரு வீட்டின் செல்லப் பிள்ளைகள்தாமே. தகரமோ கான்கிரீட்டோ, வருஷம் ஒருமுறை மேலே வெள்ளைச் சுண்ணாம்பை அடித்தால் அறைக்குள் சூடு கண்கூடாகக் குறையும். தெலுங்கானாவில் 2023-ல் இதற்கென்று அரசாங்கக் கொள்கையே வகுத்தார்கள். நமக்குக் கொள்கை வரும்வரை காத்திராமல் ஒரு மூட்டைச் சுண்ணாம்பு வாங்கலாம்.

மழைநீர் சேகரிப்புக் குழியை மறந்துவிடக் கூடாது. 2003-ல் நமது ராஜ்யத்தில் அது கட்டாயமாக்கப்பட்டபோது அவசரமாகத் தோண்டியவை பல இன்று குப்பையால் தூர்ந்து கிடக்கின்றன. கூரை வேலை நடக்கும்போதே தாழ்வாரத்துக்குத் தகரப் பீலி வைத்து, அந்தத் தண்ணீரைத் தூர் வாரிய குழிக்குள் விட்டால் கிணற்றுக்கும் நல்லது; சொட்டுகிற நீர் அஸ்திவாரத்தை அரிப்பதும் நிற்கும்.

வேலை தொடங்க ஏற்ற காலம் தை மாதம். புரட்டாசி பிறப்பதற்குள் கூரையை முடித்துவிட வேண்டும். ஐப்பசியில் இந்தப் பக்கத்து மழை நாள் பார்த்து வருவதில்லை. சுண்ணாம்புப் பூச்சுக்கும் காய அவகாசம் தேவை. பங்குனி, சித்திரையில் ஓட்டு வேலைக்காரர்களுக்கு ஏகக் கிராக்கி ஏற்பட்டுவிடுகிறபடியால், பொங்கலுக்கு ஊரில் இருக்கும்போதே அவர்களைக் கண்டு அச்சாரம் கொடுத்துவைப்பது நலம்.