முடிதிருத்துநரின் தோல் வாரும் ஆய்வுக்கூடம்தான்

பள்ளி அறிவியல் விழாக்களில் எரிமலை வெடித்து வெடித்துச் சலித்துவிட்டது. சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றிய காகித எரிமலை, எலுமிச்சம்பழத்தில் எரியும் சிறு விளக்கு, அட்டையில் செய்த காற்றாலை. இவற்றில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் ஜெலுத்தோங் போன்ற ஒரு வட்டாரத்தில் வளரும் பிள்ளைகள், நம் தாத்தாக்களின் முடிதிருத்தும் நிலையத்தில் நாற்காலியோரம் தொங்கிய தோல் வாரை அந்த மேசைக்குக் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. சவரக்கத்தியைத் தீட்டும் வேலையில் படிவம் நான்கு, ஐந்து மாணவர்கள் படிக்கும் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் ஒருசேர இருக்கின்றன. அதை அறிவியல் என்று அழைக்க நாம் தயங்குவதற்குக் காரணம் வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் விளிம்பைப் பார்ப்போம். மனித முடியின் குறுக்களவு ஏறத்தாழ 50 முதல் 100 மைக்ரோன் வரை. ஒரு மைக்ரோன் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நன்றாகத் தீட்டிய சவரக்கத்தியின் விளிம்பு அரை மைக்ரோன் அளவே இருக்கும். இப்போது பாடநூலில் உள்ள சூத்திரத்தை எடுங்கள்: அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது. 80 மைக்ரோன் முடியை அரை மைக்ரோன் விளிம்பு தொட்டால், தொடும் பரப்பு ஏறத்தாழ 40 சதுர மைக்ரோன். ஒரு கிராம் எடையின் அளவுக்கு, அதாவது 0.01 நியூட்டன் விசை கொடுத்தாலே அழுத்தம் 250 மில்லியன் பாஸ்கல் ஆகிவிடும். அது வளிமண்டல அழுத்தத்தைப் போல 2,500 மடங்கு. அதே விளிம்பு மழுங்கி 2 மைக்ரோன் ஆனால் அழுத்தம் நான்கில் ஒரு பங்காகக் குறையும். அப்போது கத்தி முடியை வெட்டாது, இழுக்கும். இது தோராயக் கணக்குதான். ஆனாலும் கன்னத்தில் எரிச்சல் ஏன் வருகிறது என்பதை இது சொல்லிவிடுகிறது.

சரி, எஃகு ஏன் மழுங்குகிறது? முடி எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானது. மென்மையான பொருள் கடினமானதை எப்படிக் கெடுக்கும்? இந்தக் கேள்வியை அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டு, 2020 ஆகஸ்டில் சயன்ஸ் இதழில் விடை எழுதினார்கள். ஆய்வாளர்களில் ஒருவரான கியான்லூகா ரோசியோலி தன் முகத்தையே மழித்து, அந்த அலகுகளை மின்னணு நுண்நோக்கியில் பார்த்தார். விளிம்பு மெல்ல மெல்லத் தேயவில்லை. சின்னஞ்சிறு சில்லுகளாக உடைந்திருந்தது. முடி சாய்வாக மோத வேண்டும், எஃகின் உள்ளமைப்பு அந்த இடத்தில் ஒரே சீராக இல்லாதிருக்க வேண்டும், முடி சரியாக அந்தப் பலவீனமான புள்ளியில் படவேண்டும். இவை சேர்ந்தால் மெல்லிய முடி எஃகை உடைத்துவிடும். முகத்தை மழித்துப் பார்த்து உலகின் முன்னணி இதழில் கட்டுரை எழுதலாம் என்றால், நம் பிள்ளைகளுக்கு இது எட்டாத துறை இல்லை.

உடைந்த விளிம்பைச் சரிசெய்யும் வேலை கல்லில் தொடங்குகிறது. சாணைக்கல்லில் கத்தியைப் படுக்கவைத்தால், அதன் தடித்த முதுகும் மெல்லிய விளிம்பும் ஒரே நேரத்தில் கல்லைத் தொடும். கோணத்தைக் கைக்கணக்காகப் பிடிக்கத் தேவையில்லை, கத்தியின் வடிவமே அதைத் தீர்மானித்துவிடுகிறது. முதுகின் தடிப்பு 4.5 மில்லிமீட்டர், முதுகிலிருந்து விளிம்பு வரை 16 மில்லிமீட்டர் என்றால், சைன் கணக்குப்படி விளிம்பின் கோணம் ஏறத்தாழ 16 பாகை. முக்கோணவியல் எதற்குப் பயன்படும் என்று கேட்கும் நண்பரிடம் இதைக் காட்டுங்கள்.

கல்லில் விளிம்பு முன்னே போகும். தோலில் அதற்கு நேர்மாறு: முதுகு முன்னே, விளிம்பு பின்னே. விளிம்பை முன்னே செலுத்தினால் தோல் வெட்டுப்படும், விளிம்பும் போகும். கடைசியில் திருப்பும்போதும் முதுகின் மேல்தான் புரட்ட வேண்டும். அனுபவம் உள்ள கை இதை ஒரு நொடியில் பலமுறை செய்யும். பார்ப்பவருக்குப் படபடவென்ற ஓசைதான் தெரியும்.

தொங்கும் வாரில் ஒரு சிக்கல் உண்டு. அதைத் தளர்வாகப் பிடித்தால் தோல் குழிந்து விளிம்பைச் சுற்றி வளைந்துகொள்ளும். சில நாட்களில் கூர் உருண்டுவிடும். அதனால்தான் முடிதிருத்துநர்கள் வாரை விறைப்பாக இழுத்துப் பிடிப்பார்கள். இதற்கு மாற்று, துடுப்பு போலக் கைப்பிடி வைத்த மரப்பலகையில் தோலை ஒட்டிவிடுவது. பலகை வளையாது. புதிதாகப் பழகுபவருக்கு இதுவே ஏற்றது என்பது என் கருத்து. பலகையின் இரு முகங்களையும் பயன்படுத்தலாம்: ஒன்றில் வெறும் தோல், மற்றதில் தேய்க்கும் களிம்பு. களிம்பு முகம் எப்போதாவது, கத்தி இழுக்கத் தொடங்கும்போது மட்டும். வெறும் தோல் ஒவ்வொரு சவரத்துக்கும் முன். களிம்பை அளவுக்கு மீறிப் பயன்படுத்தினால் அதுவே விளிம்பை உருட்டிவிடும்.

அந்தக் களிம்பில் என்ன இருக்கிறது? பச்சையாக இருந்தால் பெரும்பாலும் குரோமியம் ஆக்சைடு. துகள்கள் அரை மைக்ரோன் அளவில் இருக்கும். சிவப்பாக இருந்தால் இரும்பு ஆக்சைடு, அதாவது துருவின் நெருங்கிய உறவு. மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் கடினமாக்கிய எஃகு 6-க்கும் 7-க்கும் இடையில் நிற்கிறது. குரோமியம் ஆக்சைடு 8-க்கு மேல். மணலில் உள்ள குவார்ட்ஸ் 7. ஒரே ஒரு மணல் துகள் வாரில் ஒட்டினாலும் விளிம்பில் கீறல் விழும். பழைய கடைகளில் வாரைச் சின்னப் பிள்ளைகள் தொட்டால் திட்டு விழுந்ததன் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

மோஸ் அளவுகோலில் 9-இல் இருப்பது அலுமினியம் ஆக்சைடு. அதன் கனிம வடிவத்துக்கு ஆங்கிலத்தில் கொரண்டம் என்று பெயர். அந்தச் சொல் நம் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து போனது. மாணிக்கமும் நீலக்கல்லும் நிறமேறிய குருந்தங்களே. ஆசியாவிலிருந்து வந்த இந்தக் கல்லைப் பற்றி சார்லஸ் கிரெவில் என்ற ஆங்கிலேயர் 1798-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் தனிக் கட்டுரையே எழுதினார். தமிழகத்தில் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறைகளில் குருந்தம் கிடைக்கிறது. அந்த வட்டாரப் பாறையை அரைத்துத்தான் இந்திய விண்வெளி நிறுவனம் நிலா மண்ணின் மாதிரியைத் தயாரித்தது என்பது உபரிச் செய்தி. கடையில் மணல்தாள் வாங்கும்போது அதன் பின்பக்கம் அலுமினியம் ஆக்சைடு என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், நீங்கள் குருந்தம் வாங்கியிருக்கிறீர்கள்.

எஃகிலும் நமக்குப் பங்குண்டு. தென்னிந்தியாவின் உருக்கு எஃகை ஐரோப்பியர் வூட்ஸ் என்று அழைத்தார்கள். 1820ஆம் ஆண்டையொட்டி மைக்கேல் ஃபாரடே, கத்தி செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து அதன் இரகசியத்தைத் தேடினார். மின்காந்தத்துக்காக நீங்கள் படிக்கும் அதே ஃபாரடேதான். அந்த ஆய்வில் பிறந்த கலப்பு எஃகில் சவரக்கத்தி செய்து நண்பர்களுக்குப் பரிசளித்தார்.

இவ்வளவும் சொன்னதால் பழையவர்கள் சொன்னதெல்லாம் சரி என்று நான் வாதிடுவதாக நினைக்க வேண்டாம். வெறும் தோலே கூரைக் கொடுக்கும் என்பது பல தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருவது. அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் வெர்ஹோவன் 2004-இல் கத்தி விளிம்புகளை மின்னணு நுண்நோக்கியில் படமெடுத்துப் பார்த்தார். வூட்ஸ் எஃகைப் பல்லாண்டு ஆராய்ந்தவரும் அவரே. வெறும் தோல் விளிம்பில் பெரிய மாற்றம் செய்யவில்லை. குரோமியம் ஆக்சைடு பூசிய தோல்தான் பிசிரை நீக்கி விளிம்பை மெருகேற்றியது என்பது அவர் கண்டது. அப்படியானால் முடிதிருத்துநர் சொன்னது பொய்யா? அவசரப்பட வேண்டாம். வெர்ஹோவன் பார்த்தது விளிம்பின் வடிவம். முடிதிருத்துநர் கவனித்தது கன்னத்தில் கத்தி எப்படி ஓடுகிறது என்பது. இரண்டும் ஒரே கேள்வி அல்ல. பாட்டன் சொன்னான் என்று கும்பிடுவதும் அறிவியல் இல்லை, படிக்காதவர் சொன்னார் என்று தள்ளுவதும் அறிவியல் இல்லை. அவர் சொன்னதைச் சோதிப்பதே அவருக்கு நாம் தரும் மரியாதை.

சோதிக்க ஜெலுத்தோங்கில் கூடுதல் வசதி இருக்கிறது. இந்த ஊருக்குப் பெயர் கொடுத்த மரம் இலேசானது, நேரான நுண்ணிய இழை கொண்டது. அதன் பாலை மெல்லும் கோந்துக்குப் பயன்படுத்தினார்கள். கட்டையைப் பென்சிலுக்கும் வார்ப்பட மாதிரிகளுக்கும் அறுத்தார்கள். இங்கிலாந்துப் பள்ளிகளின் கைவினை வகுப்பறைகளில்கூட ஜெலுத்தோங் பலகை பழக்கமான பொருள். களிம்பு பூசும் பலகைக்கு இத்தகைய சீரான மென்மரம் பொருத்தமானது. ஊரின் பெயரிலேயே கருவி இருக்க, நாம் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டுமா?

இங்குள்ள எதிரி வேறு. பினாங்கின் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும், கடலும் அருகில். அரை மைக்ரோன் விளிம்பில் துரு பிடிக்க நீண்ட காலம் தேவையில்லை. முடியால் கெடாத கத்தி ஈரத்தால் கெடும். துடைத்து, உலர்த்தி, மெல்ல எண்ணெய் தடவி வைப்பது தீட்டுவதற்குச் சமமான வேலை.

இன்றைய கடைகளில் வார் மறைந்து, மாற்றும் அலகுகள் வந்துவிட்டன. அதில் எனக்கு வருத்தமில்லை. தோல் நுண்துளைகள் உள்ள பொருள். அதைக் கொதிக்கவைத்துக் கிருமி நீக்க முடியாது. கல்லீரல் அழற்சி பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும். ஒருவர் கன்னத்தில் பட்ட கத்தியை அதே வாரில் தீட்டி அடுத்தவர் கன்னத்தில் வைப்பது ஆபத்து. கத்தி போகட்டும். கத்தியோடு அந்தக் கையின் அறிவும் பதிவாகாமல் போவதைத்தான் ஏற்க முடியவில்லை.

முதலில் தள்ளிவைத்த காரணத்துக்கு வருகிறேன். முடிதிருத்தும் தொழிலின் பெயரை நம் சமூகம் வசைச் சொல்லாக்கி வைத்திருக்கிறது. அப்பா என்ன வேலை என்று வகுப்பில் கேட்டால், 'சொந்தத் தொழில்' என்று மட்டும் சொல்லித் தலை குனியும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தமிழகத்தில் இத்தொழில் செய்த சமூகத்துக்கு மருத்துவர் என்றே ஒரு பெயர் உண்டு. ஊரில் பிரசவம் பார்த்த மருத்துவச்சிகள் பலர் அந்த வீட்டுப் பெண்கள். அதை மறந்து சாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டோம். 2009-இல் வெளிநாட்டுத் தொழிலாளர் அனுமதி நிறுத்தப்பட்டபின் மலேசியாவின் இந்திய முடிதிருத்தும் நிலையங்கள் ஆள் இல்லாமல் திணறின. 2023 செப்டம்பரில் அரசு முடிதிருத்தும் நிலையம், ஜவுளி, நகைத் தொழில் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து 7,500 பேரை அனுமதித்தது. உள்ளூர்ப் பிள்ளைகள் ஏன் வரவில்லை என்பதற்குச் சம்பளமும் வேலை நேரமும் மட்டுமே காரணம் என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

இதே பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளைப் பாருங்கள். 1972-இல் இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை அமைத்த இடம். சில்லுகளின் பழுதைக் கண்டறியும் ஆய்வுக்கூடங்களில், சில்லைக் குறுக்காக வெட்டி, மென்மையான துணித்திண்டில் வைரத் துகளையும் அலுமினியம் ஆக்சைடையும் இட்டுக் கண்ணாடி போல மெருகேற்றுவார்கள். மென்மையான தளம், அதன்மேல் கடினமான நுண்துகள், மெல்லிய அழுத்தம்: தோல் பலகையும் களிம்பும் செய்வது அதைத்தான். அதைச் செய்பவரைப் பொறியியல் வல்லுநர் என்கிறோம்.

இந்த வார இறுதியில் ஒன்று செய்யலாம். சவரக்கத்தியைத் தொட வேண்டாம். வீட்டில் வீணாகக் கிடக்கும் எவர்சில்வர் கரண்டி ஒன்றை எடுத்து, அதன் பின்பக்கத்தை மூன்று பகுதியாகப் பிரியுங்கள். ஒன்றை ஈரத் துணியால் மட்டும், ஒன்றை இந்த நாளிதழின் துண்டால், ஒன்றைப் பற்பசையால், ஒவ்வொன்றையும் 200 முறை ஒரே திசையில், ஒரே விரல் அழுத்தத்தில் தேயுங்கள். கைப்பேசி கேமராவில் உருப்பெருக்கும் வில்லை வைத்து முன்னும் பின்னும் படமெடுங்கள். பிறகு உங்கள் பகுதியில் வயதான முடிதிருத்துநர் இருந்தால் போய் வணக்கம் சொல்லி, "ஐயா, அந்தக் காலத்தில் வாரில் எத்தனை முறை தீட்டுவீர்கள், போதும் என்று எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவருடைய சொற்களிலேயே எழுதிக்கொண்டு, படங்களோடு சேர்த்து உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் கொடுங்கள்.