எட்டில் ஐந்து ரிசர்வ்டு

எட்டு பிராசஸர் உள்ள மிஷின் ஒன்று. அதில் கவுன்ட்டர் டேட்டாபேஸ், கூடவே மாதக் கடைசி ரிப்போர்ட். ரிப்போர்ட்டை ஓடவிட்டால் எட்டையும் விழுங்கும். கியூவில் நிற்கிற பென்ஷன்காரர் பாடு திண்டாட்டம்.

1997-ல் ஸோலாரிஸ் 2.6 இதற்கு ‘பிராசஸர் ஸெட்’ கொண்டுவந்தது. ஐந்தைத் தனியே பிரித்து டேட்டாபேஸுக்கு எழுதி வைத்துவிட்டால், வேறு அப்ளிகேஷன் அதைத் தொட முடியாது. (எட்டையும் எழுதி வாங்க முடியாது. பொதுவில் ஒன்றாவது இருக்கணும். நியாயம்தானே?)

சிக்கல் ராத்திரியில். டேட்டாபேஸ் தூங்கும், ஐந்தும் சும்மா கிடக்கும். பாவப்பட்ட ரிப்போர்ட் மீதி மூன்றில் மூச்சு முட்டும். லேடீஸ் ஸீட் காலியாயிருக்க, ஃபுட்போர்டில் தொங்குகிற கதை.

2005-ல் வந்த ஸோலாரிஸ் 10, லோடைப் பார்த்துத் தானே பிராசஸர்களை இடம் மாற்றியது. சமர்த்துதான். ஆனால் பார்த்த பிறகுதானே மாற்றும்? அதற்குள் கியூ வாசலைத் தாண்டிவிடும். கவுன்ட்டர் பத்து மணிக்குத் திறக்கும் என்பது ஊருக்கே தெரியும். ஒன்பதே முக்காலுக்கு ஐந்தையும் திருப்பிக் கொடு என்று க்ரானில் ஒரு வரி எழுதிப் போடுகிற ஆளுக்குத்தான் என் ஓட்டு.