பேச்சு வந்த பிறகு இல்ல, பேச்சு வர்றதுக்குத்தான் பால்வாடி



இன்னைக்கு யாருக்கும் பதிலடி இல்லை, தேர்தல் கணக்கும் இல்லை. நம்ம ஊத்துக்கோட்டை பக்கம் நடந்த ஒரு விஷயம். கொஞ்சம் நீளமான பதிவுதான், முழுசாப் படிங்க.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா. வீட்டுக்காரருக்கு சிப்காட்ல ஷிப்ட் வேலை. பையனுக்கு மூன்றரை வயசு. பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டான். வேணுங்கிறதை விரல் நீட்டிக் காட்ட மாட்டான், அம்மா கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போவான். ஆட்டிசம்னு டாக்டர் சொல்லிட்டார். பால்வாடியில சேர்க்கப் போனப்போ கிடைச்ச பதில்: "பேச்சு வரட்டும்மா, அப்புறம் கூட்டிட்டு வாங்க."

பேச்சு வர்றதுக்குத்தானே நாலு பிள்ளைங்க நடுவுல அவன் உட்காரணும்?

இதைப் படிச்சதும் அந்த டீச்சர் மேல கோபம் வரும். எனக்கும் வந்துச்சு. ஆனா அவங்க இடத்துல நின்னு பாருங்க. ஒரு டீச்சர், ஒரு ஆயா. எடை பார்க்கணும், உயரம் அளக்கணும், போஷன் டிராக்கர் ஆப்ல ஏத்தணும், சமையல் நடக்கணும், பாட்டு சொல்லிக் கொடுக்கணும். கேட் திறந்திருந்தா ஓடிடுற ஒரு பிள்ளையை எப்படிப் பார்த்துக்கிறதுன்னு அவங்களுக்கு யாராவது செஞ்சு காட்டியிருக்கோமா? அவங்க சொன்னது மனசு இல்லாம சொன்னது இல்ல, பயத்துல சொன்னது. அந்தப் பயத்தைப் போக்குறது அரசோட வேலை. அரசை அதைச் செய்ய வைக்கிறது நம்ம வேலை.

நான் இன்ஜினியரிங் படிச்சவன், டாக்டர் இல்லை. தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன். ஆட்டிசம் நோய் இல்லை, மூளை வளர்ச்சியில இருக்கிற வித்தியாசம். வளர்ப்பு சரியில்லாததால வர்றது இல்லை, தடுப்பூசியால வர்றதும் இல்லை. 2021 கணக்குப்படி உலகத்துல சுமார் 127 பேர்ல ஒருத்தருக்கு ஆட்டிசம் இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அப்படின்னா இது எங்கேயோ இருக்கிற விஷயம் இல்லை, நம்ம தெருவுலயே இருக்கு. ஆறு வயசுக்கு முன்னாடி கிடைக்கிற உதவிக்குப் பலன் அதிகம்.

ஆனா நம்ம சட்டம் எங்கே ஆரம்பிக்குது? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைத் தன்னோட 21 வகைப் பட்டியல்ல சேர்த்துச்சு, நல்ல விஷயம். ஆனா அந்தச் சட்டம் இலவசக் கல்வியை உரிமையாக் கொடுக்கிறது 6 வயசுல இருந்து 18 வயசு வரைக்கும். 2009 கல்வி உரிமைச் சட்டமும் 6 வயசுலதான் தொடங்குது. அதுக்கு முந்தின முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு "செய்யலாம்"னு சொல்லுதே தவிர, "செய்யணும்"னு சொல்லலை. உதவி அதிகமாத் தேவைப்படுற வயசுலதான் உரிமை இல்லை!

அந்த ஓட்டையை அடைக்க நம்ம கிட்ட இருக்கிற ஒரே இடம் பால்வாடி. 1975 அக்டோபர் 2ல தொடங்கின ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்துக்கு அரை நூற்றாண்டு ஆச்சு. தமிழ்நாட்டுல 54 ஆயிரத்துக்கும் மேல மையங்கள் இருக்கு. எந்தத் தெரப்பி சென்டரும் வராத கிராமத்துல கூட ஒரு பால்வாடி இருக்கு.

வழிமுறையும் ஏற்கனவே எழுதி வெச்சாச்சு. 2023 நவம்பர் 28ல மத்திய அரசு மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறையை வெளியிட்டுச்சு. சீக்கிரம் கண்டுபிடி, மத்த பிள்ளைங்களோட சேர்த்துக்கோ, சரியான இடத்துக்கு அனுப்பிவை. இந்த மூணுதான் அதோட சாரம். காகிதத்துல இருக்கிறது நம்ம ஊர் மையத்துக்கு வந்து சேர்ந்துச்சான்னு கேட்கிறதுதான் அரசியல்.

இதுக்குப் பெரிய செலவு ஆகுமான்னு கேட்பீங்க. அந்தப் பையன் இப்போ வேற ஒரு மையத்துக்குப் போறான். அங்க டீச்சர் என்ன செஞ்சாங்க தெரியுமா? குக்கர் விசில் சத்தத்துக்கு அவன் காதைப் பொத்திக்கிட்டு அழுவான். விசில் வர்றதுக்கு முன்னாடி ஆயா ஒரு குரல் கொடுப்பாங்க, டீச்சர் அவனைத் திண்ணைக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. பாட்டு, விளையாட்டு, சாப்பாடு, தூக்கம் - நாலு படத்தை வரைஞ்சு வரிசையா ஒட்டியிருக்காங்க. அடுத்து என்னன்னு அவனே படத்தைத் தொட்டுப் பார்த்துக்கிறான். கலந்த சாதம் தொட மாட்டான், அவனுக்கு மட்டும் வெள்ளைச் சோறு எடுத்து வைக்கிறாங்க. செலவு? ஒரு சார்ட் பேப்பர்.

ஆனா நல்ல மனசுள்ள ஒரு டீச்சர் கிடைக்கிறது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி ஒரு பிள்ளையோட எதிர்காலத்தை விடக்கூடாது. அதனால நாம கேட்கிறது:

1. எல்லா மையத்து டீச்சருக்கும் ஆயாவுக்கும் நேரடிப் பயிற்சி. மண்டபத்துல உட்கார வெச்சு ஸ்லைடு காட்டுறது இல்லை, பிள்ளையோட உட்கார்ந்து செஞ்சு காட்டுற பயிற்சி.

2. குறிப்பிட்ட நாள்ல ஒரு சிறப்பாசிரியர் மையத்துக்கே வரணும். ஊத்துக்கோட்டையில இருந்து திருவள்ளூருக்கோ, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ பஸ் மாறி மாறிப் போனா ஒரு நாள் கூலி போச்சு. மாநில அரசோட உரிமைகள் திட்டத்துல வர்ற 'விழுதுகள்' மையங்கள் பால்வாடி வாசல் வரைக்கும் விழுது விடட்டும்.

3. இப்படிப் பிள்ளைங்க இருக்கிற மையத்துக்குக் கூடுதலா ஒரு உதவியாளர்.

இனி நம்ம பக்கத்துக்கு வர்றேன். கசப்பா இருக்கும், பொறுத்துக்கோங்க. எதிர்க்கட்சிக்காரனைத் திட்ட "ஆட்டிசம் கேஸ்"னு மீம் போடுறாங்களே, அதை நம்ம ஆட்களும் ஷேர் பண்றாங்க. அந்த அக்காவும் நம்ம பக்கத்தை ஃபாலோ பண்றாங்க. ஏப்ரல் 2 வந்தா நீலக் கலர்ல டிபி மாத்திட்டு, மறுநாள் அதே வார்த்தையை வசவா எழுதினா நமக்கு என்ன தகுதி இருக்கு? இன்னையோட நிறுத்துவோம்.

அடுத்த கிராம சபையில இந்த மூணு கோரிக்கையையும் தீர்மானமா எழுதிக் கொடுங்க. நம்ம சுத்துப்பட்டு ஊராட்சி ஒவ்வொண்ணுலயும் ஒரு தோழர் எழுந்து நின்னு பேசணும். தீர்மானத்தோட போட்டோ எடுத்து அனுப்புங்க, நம்ம பக்கத்துல போடுறேன். குழந்தையோட போட்டோ மட்டும் வேண்டாம்.

சாதி பார்க்காம எல்லாப் பிள்ளையையும் ஒரே வரிசையில உட்கார வெச்சுச் சோறு போட்ட மண் இது. அந்த வரிசையில இன்னும் ஒரு தட்டு வைக்கிறது நமக்குப் பெரிய காரியமா என்ன?

#எல்லாப்_பிள்ளைக்கும்_பால்வாடி