யாருடைய நாக்கு?

சமையல் போட்டியில் யாரை வெளியேற்றியது நியாயம், யாரை வெளியேற்றியது அநியாயம் என்று பெண்கள் பேசிக்கொண்டால் அதை வெட்டிப்பேச்சு என்று சொல்லும் அறிவாளிகள் நிறைய உண்டு. அம்பயர் தவறாக விரலைத் தூக்கிவிட்டார் என்று மூன்று நாள் டீக்கடையில் விவாதிப்பவர்கள்தான் அவர்களில் பாதிப் பேர். எல்.பி.டபிள்யூ. பற்றிப் பேசினால் அது ஆய்வு. புளிக்குழம்பு பற்றிப் பேசினால் அது அரட்டை. இந்தப் பாகுபாட்டை முதலில் ஓரமாக எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குவோம்.

உறையூரில் என் தெருவில், சனி ஞாயிறுகளில் குக்கு வித் கோமாளி ஓடாத வீடு குறைவு. திங்கட்கிழமை காலை குழாயடியிலும் பேருந்து நிறுத்தத்திலும் கல்லூரி ஸ்டாஃப் ரூமிலும் நடுவர்களின் தீர்ப்பு மேல்முறையீட்டுக்கு வந்துவிடும். “குழம்பு எண்ணெய் பிரிஞ்சு வந்துச்சே, அதப் போயி பச்ச வாசனைன்னு சொல்றாரு பாருங்க!” திரையிலிருந்து வாசனை வராது. ஆனால் முப்பது வருடம் அடுப்படியில் நின்ற கண்ணுக்குக் குமிழி வெடிக்கும் விதத்தைப் பார்த்தே புளி வெந்ததா இல்லையா என்று தெரியும். இதற்குத் துறைசார் அறிவு என்று பெயர். ஒரு நிபுணரின் தீர்ப்பை நம் பெண்கள் தயக்கமில்லாமல் மறுத்துப் பேசும் இடங்கள் அதிகமில்லை. இது அப்படிப்பட்ட ஓர் இடம். அதனால் இந்தப் பேச்சை மதிக்கிறேன்.

என் சண்டை வேறு. வெளியேற்றம் பிடிக்காதபோது நம் கோபம் எங்கே போய் விழுகிறது? தட்டை ஏந்தி நிற்கும் பெண்மேல் விழுகிறது, அல்லது அவளுக்குப் பக்கத்தில் தப்பித்து நிற்கும் இன்னொரு பெண்மேல் விழுகிறது. அளவுகோலைக் கையில் வைத்திருப்பவர் பக்கம் அது திரும்புவதே இல்லை.

ஒரு எளிய கணக்குப் போடுவோம். விஜய் தொலைக்காட்சியில் 2019 நவம்பரில் தொடங்கிய குக்கு வித் கோமாளி, 2025 வரை ஆறு சீசன்களை முடித்திருக்கிறது. பட்டம் வென்றவர்கள் வனிதா விஜயகுமார், கனி, ஸ்ருதிகா, மைம் கோபி, பிரியங்கா, ராஜு. ஆறு பேரில் நான்கு பேர் பெண்கள். இனி நடுவர் மேசைக்கு வருவோம். முதல் நான்கு சீசன்களில் தாமுவும் வெங்கடேஷ் பட்டும். பட் விலகியபின் ஐந்தாவது சீசனில் தாமுவுடன் மாதம்பட்டி ரங்கராஜ். ஆறாவதில் கூடுதலாக கௌஷிக். நிரந்தர நடுவர் நாற்காலியில் ஒரு சீசனில்கூட ஒரு பெண் இல்லை. சமைப்பதில் பெண்கள் ஜெயிக்கலாம். ஜெயித்தார்கள் என்று சொல்லும் நாக்கு மட்டும் ஆணுடையதாகவே இருக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி.

தகுதியான பெண் செஃப் கிடைக்கவில்லை என்ற சமாதானம் செல்லாது. 2021இல் சன் தொலைக்காட்சியில் விஜய் சேதுபதி தொகுத்து வழங்கிய மாஸ்டர்செஃப் தமிழ் நிகழ்ச்சியின் மூன்று நடுவர்களில் ஒருவர் ஆர்த்தி சம்பத். தேடியவர்களுக்குக் கிடைத்தார்.

இது தொலைக்காட்சி கண்டுபிடித்த வழக்கமும் அல்ல. நம் இலக்கியத்தில் சமையலின் உச்சத்துக்குப் பெயர் நளபாகம், அடுத்தது பீமபாகம். அன்றாடம் சமைத்த கோடிப் பெண்களில் ஒருத்தியின் பெயரில்கூட ஒரு பாகம் கிடையாது. சிறுபாணாற்றுப்படையில் வரும் விருந்துகூட பீமன் செய்த மடைநூலின்படி வழுவாமல் சமைத்தது என்றுதான் பெருமைப்படுத்தப்படுகிறது. குறுந்தொகையின் 167ஆம் பாடலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவிகள் நெகிழ்ந்துபோகிறார்கள். தயிர் பிசைந்த விரலை உடையிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் ஏற, புதுமணப்பெண் புளிப்பான குழம்பு வைக்கிறாள். கணவன் நன்றாக இருக்கிறது என்று சொல்லி உண்கிறான். அவள் முகம் லேசாக மலர்கிறது. அழகான பாட்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காட்சியில் நடுவர் யார், போட்டியாளர் யார் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு சொல் பாராட்டுக்காகக் கண் எரிய நிற்பவள் ஒருத்தி. உட்கார்ந்து சாப்பிட்டுத் தீர்ப்புச் சொல்பவன் ஒருவன். இரண்டாயிரம் ஆண்டுகளாக செட் மாறியிருக்கிறது, இருக்கைகள் மாறவில்லை.

வீட்டுக்கு வெளியே வந்தால் இன்னும் தெளிவு. திருச்சியில் எந்தக் கல்யாண மண்டபத்தின் சமையல்கட்டுக்குள்ளும் போய்ப் பாருங்கள். கரண்டி பிடித்திருப்பவர் ‘மாஸ்டர்’, அவர் ஆண். தேங்காய் துருவவும் காய் நறுக்கவும் அண்டா கழுவவும் வந்திருப்பவர்கள் பெண்கள். அவர்களுக்கு ‘மேல்வேலை ஆள்’ என்று பெயர், கூலியும் குறைவு. பெண் வீட்டில் சும்மா செய்தால் அது கடமை. அதே வேலைக்குப் பணமும் புகழும் வரும் இடத்தில் அது ஆணின் கலை.

இந்தக் கலையின் இலக்கணத்தை வைத்துத்தான் தொலைக்காட்சியும் ஆளை வெளியேற்றுகிறது. ஒரு மணி நேரக் கடிகாரம், பீங்கான் தட்டில் ஓவியம் போன்ற அலங்காரம், பழைய பண்டத்தில் ஒரு ‘ட்விஸ்ட்’. இவை நட்சத்திர ஹோட்டல் சமையலறையின் தேவைகள். வீட்டுச் சமையலின் திறமை இவற்றில் எங்கே இருக்கிறது? மாதக் கடைசியில் இருக்கும் பருப்பை ஏழு பேருக்கு நீட்டுவது, மாமனாருக்கு உப்பில்லாமலும் மாமியாருக்குச் சர்க்கரை ஏறாமலும் பிள்ளைக்குக் காரமில்லாமலும் ஒரே அடுப்பில் ஒரே நேரத்தில் முடிப்பது, சிலிண்டர் எந்த நாளில் தீரும் என்று தீயின் நிறத்தைப் பார்த்தே கணிப்பது, நேற்றைய சோற்றை இன்று யாருக்கும் தெரியாமல் வேறொன்றாக்குவது. இதற்கெல்லாம் மதிப்பெண் இல்லை. மதிப்பெண் இல்லாத திறமை வெளியேற்றப்படுவதற்கு உப்புக் குறையக்கூடத் தேவையில்லை.

நீதிமன்றத்துக்குத் தெரிந்தது தொலைக்காட்சிக்குத் தெரியவில்லை. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, குடும்பத் தலைவியின் உழைப்புக்குச் சொத்தில் சமபங்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். அதில் அவளை மேலாளர், வீட்டு மருத்துவர், பொருளாதார நிபுணர் என்றெல்லாம் வரிசைப்படுத்தியவர், செஃப் என்றும் குறிப்பிட்டார். உணவைத் திட்டமிடுவதையும் சமையலறை இருப்பைப் பராமரிப்பதையும் சேர்த்தே சொன்னார். குக்கு வித் கோமாளியின் ஆறு சீசன்களும் அளக்காத திறமைகள் அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கின்றன.

அரசின் எண்களையும் பார்த்துவிடுவோம். 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் 81.2 சதவீதம், ஆண்கள் 26.1 சதவீதம். அப்படி ஈடுபட்டவர்கள் ஒரு நாளில் செலவிட்ட நேரம் பெண்களுக்கு 299 நிமிடம், ஆண்களுக்கு 97 நிமிடம். 2024இல் எடுத்த அடுத்த ஆய்வில் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. ஐந்து ஆண்டுகளில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது. ஆண்கள் ஒன்பது நிமிடத்தைக் குறைத்துக்கொண்டார்கள். போட்டியின் மொழியிலேயே சொல்கிறேன்: நம் வீடுகளில் ஆண்களுக்கு வாழ்நாள் ‘இம்யூனிட்டி’ கிடைத்துவிடுகிறது. ‘எனக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது’ என்று பெருமையாகச் சொல்லிவிட்டு முதல் சுற்றிலேயே சிரித்தபடி வெளியேறுகிறார்கள். பெண்ணுக்கு மட்டும் எலிமினேஷனே கிடையாது. எவ்வளவு மோசமாகச் சமைத்தாலும் மறுநாள் காலை அதே அடுப்புக்கு அவள் திரும்பியாக வேண்டும்.

இப்போது நம் கோபத்துக்கு வருகிறேன். 2023இல் மாஸ்டர்செஃப் இந்தியாவின் ஏழாவது சீசனில் சென்னையைச் சேர்ந்த அருணா விஜய் பங்கேற்றார். சைவ உணவுக்காரர். மற்றவர்கள் மீன் சமைத்த சுற்றில் அவருக்குப் பனீர் அனுமதிக்கப்பட்டது. பார்வையாளர்கள் கொதித்தார்கள். கேட்க வேண்டிய கேள்வி நியாயமானது: போட்டியின் விதி ஒருவருக்காக மட்டும் ஏன் வளைந்தது? ஆனால் அந்தக் கேள்வி விதியை வளைத்தவர்களை நோக்கி நீண்ட நேரம் நிற்கவில்லை. அந்தப் பெண்ணின் முகம், பேச்சு, வளர்ப்பு எல்லாவற்றின்மீதும் வசை பொழிந்தது. அதே நிகழ்ச்சி தன் நான்காவது சீசனையே முழுக்க முழுக்க சைவமாக நடத்தியது என்பதை நினைவில் வைத்தால் கோபம் போக வேண்டிய முகவரி தெரியும். சைவம் என்றால் பொது உணவு, மற்றதெல்லாம் அவரவர் விருப்பம் என்ற எண்ணம் ஒரு போட்டியாளரின் வீட்டில் உருவானது அல்ல. அது தயாரிப்பாளரின் மேசையிலும், அதற்கும் மேலே சாதியிலும் இருக்கிறது.

2024 செப்டம்பரில் குக்கு வித் கோமாளியிலிருந்து தொகுப்பாளர் மணிமேகலை விலகினார். தன் வேலையில் ஒரு சக பெண் தலையிடுகிறார் என்று, பெயர் சொல்லாமல், குறை சொல்லிவிட்டுத்தான் போனார். பணியிடத்தில் ஒருவரின் வேலை எல்லை எது, அதைக் காக்க வேண்டியவர் யார் என்று நாம் பேசியிருக்க வேண்டிய நேரம் அது. என்ன செய்தோம்? ‘பொம்பளைங்க சண்டை’ என்று பெயர் வைத்து, இரண்டு அணியாகப் பிரிந்து, இரண்டு பெண்களையும் ஆளுக்கொரு பக்கமாகக் கிழித்தோம். நிகழ்ச்சியை நடத்தியவர்கள் பாதுகாப்பாக ஒதுங்கி நின்றார்கள். பெண்கள் அடித்துக்கொண்டால் அடுப்பின் உரிமையாளருக்குச் சேதமில்லை.

‘வெறும் பொழுதுபோக்குதானே, கோமாளி என்று பெயரிலேயே இருக்கிறதே, இதற்கு ஏன் இவ்வளவு?’ என்று கேட்பீர்கள். சிரிப்பதை நான் தடுக்கவில்லை, நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் யார் சமைத்ததை யார் நிராகரிக்கலாம் என்ற பாடம் பொழுதுபோக்காக மட்டும் இருந்துவிடுவதில்லை. இந்தத் தமிழ்நாட்டிலேயே கேமரா இல்லாமல் நடந்த வெளியேற்றங்கள் உண்டு.

எங்கள் ஊரிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில், காட்டூரை ஒட்டி இருக்கிறது பாப்பாக்குறிச்சி. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்த ஊர். அன்றிலிருந்து தமிழ்நாட்டின் பள்ளிக் குழந்தைகளுக்குச் சமைத்துப்போட்டுவருபவர்கள் பெரும்பாலும் பெண்கள். காலமுறை ஊதியம் கேட்டு, முழுநேர அரசு ஊழியராக்கச் சொல்லி அவர்கள் தெருவில் உட்கார்ந்து போராடியதை நாம் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கடந்திருக்கிறோம். 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு, அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்த ஒரு பெண் சத்துணவுச் சமையலராக வந்தார். அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிடமாட்டார்கள் என்று ஆதிக்க சாதியினர் எதிர்த்தார்கள். அதிகாரி அவரை இடம் மாற்றினார். போராட்டங்கள் நடந்த பிறகுதான் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. 2023 செப்டம்பரில் தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டியில், காலை உணவுத் திட்டத்தில் சமைத்தவர் தலித் பெண் என்பதால் குழந்தைகள் சாப்பிடாமல் தடுக்கப்பட்டார்கள். கனிமொழி நேரில் போய்க் குழந்தைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது.

தாமுவும் பட்டும் குறைந்தபட்சம் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துவிட்டுத்தான் ஆளை அனுப்பினார்கள். திருமலைக்கவுண்டன்பாளையத்தில் யாரும் சுவைத்துப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் சாம்பாரில் உப்பு எப்படி இருந்தது என்று தீர்ப்பு எழுதியவர்களுக்குத் தெரியாது. தமக்குப் பிடித்த நடிகை வெளியேறியதற்காக நம்மில் எத்தனை பேர் கண்கலங்கினோம்! இந்த வெளியேற்றத்துக்கு எத்தனை பேர் கலங்கினோம்?

ஆகவே தோழியரே, மாணவிகளே, எலிமினேஷனைப் பற்றி இன்னும் உரக்கப் பேசுங்கள். ஆனால் ‘இவள் ஏன் போனாள், அவள் ஏன் இருக்கிறாள்’ என்பதோடு நிறுத்தாதீர்கள். எதற்கு எத்தனை மதிப்பெண் என்ற பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். நடுவர் மேசையில் பாதி இடம் பெண்களுக்கு என்று கேளுங்கள். முந்நூறு ரூபாயில் ஆறு பேருக்கு மூன்று வேளை என்று ஒரு சுற்று வைக்கச் சொல்லுங்கள். அதில் செஃப்களே முதலில் சமைத்துக் காட்டட்டும். உங்கள் வீட்டில் தட்டின் முன் உட்கார்ந்து உப்பில்லை என்று சொல்கிறவரிடம் அடுத்த வேளைக்குக் கரண்டியைக் கொடுங்கள்.

கடைசியாகப் பார்வையாளராக என் கோரிக்கை ஒன்று. பாப்பாக்குறிச்சியில் மூட்டிய அடுப்பு நாற்பது ஆண்டுகளைத் தாண்டி எரிகிறது. அதன் முன் நின்று, நூறு பிள்ளைகளுக்கு ஒரே அண்டாவில் உப்புப் பிசகாமல் சமைத்து ஓய்வுபெற்ற பெண்களில் ஒருவரை அந்த நடுவர் நாற்காலியில் உட்கார வையுங்கள். அவர் யாரை வெளியேற்றினாலும் நான் ஏற்றுக்கொள்கிறேன்.