கார் லைசென்ஸ் வைத்துக் கேரவன் ஓட்டலாமா?

குலசேகரத்திலிருந்து திற்பரப்புக்கும் பேச்சிப்பாறைக்கும் போகிற ரோடுகள் வளைவுகள் நிறைந்தவை. எதிரே பஸ் வந்தாலே கார்காரர் ஒதுங்கணும். கட்டில், சமையலறையோடு ஒரு பெரிய கேரவன் வந்தால்? பக்கத்துக் கேரளத்தில் 2021-லேயே கேரவன் சுற்றுலாக் கொள்கை வந்தாச்சு.

சட்டம் என்ன சொல்கிறது?

எடை 7,500 கிலோவைத் தாண்டாத வண்டிக்குக் கார் லைசென்ஸே போதும். வாடகை வண்டிக்கும் தனி அனுமதி தேவையில்லை என்று 2024 நவம்பர் 6-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. இப்படி ஓட்டுகிறவர்களால் விபத்து கூடியதற்குப் புள்ளிவிவரம் இல்லை என்றும் அது சுட்டிக்காட்டியது. டிரைவர்களின் பிழைப்பும் இதில் அடங்கியிருக்கிறது.

வெளிநாட்டில் எப்படி?

பிரிட்டனில் 1997-க்குப் பிறகு கார் லைசென்ஸ் எடுத்தவர்கள், 3,500 கிலோவைத் தாண்டும் வண்டிக்குத் தனித் தேர்வு எழுதி, ஓட்டியும் காட்ட வேண்டும்.

என்ன செய்யலாம்?

ஒரு டன்கூட இல்லாத சின்ன காரில் டெஸ்ட் கொடுத்தவர், மறுநாளே ஏழு டன் வண்டியை மலைச்சரிவில் இறக்கலாம் என்பது சரியில்லை. பிரேக் பிடிக்கும் தூரம் வேறு, பின்சக்கரம் வளைவை அறுக்கும் விதம் வேறு. அதற்காகக் கனரக லைசென்ஸ் கேட்க வேண்டாம். 3,500 கிலோவுக்கு மேல் புதிதாக ஓட்ட வருகிறவருக்கு, அதே அளவு வண்டியில் ஒரு ரோடு டெஸ்ட் வைத்தால் போதும். ஏற்கெனவே ஓட்டிப் பிழைப்பவர்களுக்கு விலக்கு தரலாம். ஒருநாள் டெஸ்ட் பெரிய சுமையில்லை. எதிரே பைக்கில் வருகிறவருக்கு அது உயிர்.