ஜெயிலா? ஆஸ்பத்திரியா?

கஞ்சா பொட்டலத்தோடு ஒரு பையன் பிடிபடுகிறான். மறுநாள் கோர்ட்டு. அப்புறம் ஜெயில். "அப்பாடா, தொல்லை விட்டது" என்கிறது தெரு.

தொல்லை விட்டதா? இல்லை. சில மாதம் கழித்து அதே பையன் அதே தெருவுக்கு வருகிறான். பழைய பழக்கம் அப்படியே இருக்கிறது. போதாக்குறைக்கு, உள்ளே கிடைத்த புது சிநேகிதமும் சேர்ந்து வருகிறது.

போதை விற்கிறவன் வேறு. அதற்கு அடிமையானவன் வேறு. விற்கிறவனை விடக்கூடாது. அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் அடிமையானவன் நோயாளியும்கூட.

இதை நாம் சொல்லவில்லை. சட்டமே சொல்கிறது.

சட்டத்தில் இருக்கிறது!

1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 39-வது பிரிவைப் பாருங்கள். போதை சாப்பிட்டதற்காகவோ, சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ ஒருவன் குற்றவாளி என்று முடிவானாலும், அவன் அடிமை என்றால், உடனே தண்டிக்கவேண்டியது இல்லை. அவன் சம்மதித்தால், பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு, அரசு அங்கீகரித்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். ஒரு வருடத்துக்குள் சிகிச்சை அறிக்கை கோர்ட்டுக்கு வரவேண்டும். தேறினால், எச்சரித்து விடலாம். ஏமாற்றினால், தண்டனை காத்திருக்கிறது.

64-ஏ பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. இதே மாதிரி கேஸில் சிக்கிய அடிமை, தானாகவே சிகிச்சைக்குப் போய் முடித்தால், வழக்கே கிடையாது. பாதியில் ஓடினால் சலுகை போச்சு.

சிறு அளவு என்றால்? கஞ்சா 1 கிலோ, ஹெராயின் 5 கிராம். இவ்வளவும் எழுதியிருக்கிறது. எத்தனை அம்மா அப்பாவுக்குத் தெரியும்?

கல்லாவுக்குக் காவல்

"கடையில் திருடியவனுக்கு ஆஸ்பத்திரியா?" என்று வியாபாரிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். திருட்டுக்குத் திருட்டுக் கேஸ் உண்டு. அங்கேயும், 1958-ம் ஆண்டு நன்னடத்தைச் சட்டப்படி, "போதையைத் தொடக்கூடாது" என்று நிபந்தனை போட்டு விட கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. பழக்கம் நிற்காதவரை உங்கள் கல்லாவுக்குக் காவல் இல்லை, ஐயா!

ஹெராயின் கேஸில் உயிரே போகும். சில மாதம் ஜெயிலில் சரக்கு இல்லாமல் இருந்தால், பழைய அளவைத் தாங்கும் சக்தியை உடம்பு இழந்துவிடும். வெளியே வந்ததும் பழைய அளவையே போட்டுக்கொள்கிறான். மூச்சு நின்றுவிடுகிறது. கோர்ட்டு கொடுத்தது மாதக் கணக்கு. அவன் அனுபவித்தது மரண தண்டனை!

செய்யவேண்டியது என்ன?

ஜெயிலுக்குள் வரும் ஒவ்வொருவனையும் முதல் நாளே டாக்டர் பார்க்கவேண்டும். குடியையோ ஹெராயினையோ திடீரென நிறுத்தினால் வரும் நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் வாந்திக்கும் மருந்துதான் வேண்டும், லத்தி அல்ல. வெளியே போனபிறகும் சிகிச்சை தொடரவேண்டும். 39-வது பிரிவு இருப்பதை போலீசும் வக்கீல்களும் வீட்டாருக்குச் சொல்லவேண்டும். அரசாங்கம் சிகிச்சைப் படுக்கைகளைக் கூட்டவேண்டும். படுக்கை இல்லாமல் பிரிவு இருந்து என்ன பிரயோசனம்?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வெட்கப்பட்டு மூடி மறைக்காதீர்கள். காவலில் இருப்பவனுக்கு இலவச வக்கீல் கேட்டு வாங்க உரிமை உண்டு. போதை மீட்பு ஆலோசனைக்கு 14446 என்ற இலவச டெலிபோன் இருக்கிறது. போலீஸ் கதவைத் தட்டும் முன்னே நீங்கள் ஆஸ்பத்திரிக் கதவைத் தட்டுங்கள்.

நோயை உள்ளே வைத்துப் பூட்டினால் நோய் தீராது. பூட்டைத் திறக்கும்போது அதுவும் கூடவே வெளியே வரும்.